பஸ்ஸைத் தட்டினவன்

தமிழா தாயி நீ? அதான பாத்தேன். போன்ல "சாப்பிட்டாச்சும்மா, சும்மா நை நைங்காத"ன்னு சொன்னியே, அது காதுல விழுந்ததும் எனக்குப் போன உசிரு திரும்பி வந்துருச்சு போ. இந்தப் படகுல இத்தன பேரு இருக்காக, ஒருத்தர் வாயில நம்ம சொல்லு ஒண்ணு வருதா? இப்படி உக்காரு. சன்னல் பக்கம் நீயே உக்காந்துக்கோ. நான் பாத்து அலுத்த ஊரு இது.

அட ஆமாங்கேன். லண்டன் அலுத்துருச்சுன்னு சொன்னா ஊர்ல செருப்பக் கழட்டுவாக. வந்த மறுநாள்ல இருந்து இதே சோலிதான். காலையில கோச்சு, ஊர் சுத்திக் காட்டுற கூரையில்லா மாடி பஸ்ஸு. மத்தியானம் படகு. ராணி அரண்மன, பெரிய மணிக்கூண்டு, தலைய வெட்டுன கோட்ட, தூக்குற பாலம். நேத்து வெட்டுன தலையவே இன்னைக்கும் வெட்டுதான். காதுல மாட்டிக் கேக்க ஒரு கருவி குடுக்கான் பாரு, அதுல உலகத்துல உள்ள பாஷையெல்லாம் இருக்கு, இந்தி கூட இருக்கு, தமிழ் இல்ல. நான் மாட்டுறதே இல்ல. எனக்குப் பஸ்ஸுச் சத்தம் கேட்டாப் போதும்.

பேரு கொம்பையா. கவர்மெண்டு பஸ்ஸு டிரைவரு, ரிட்டயர்டு. கோவில்பட்டி டிப்போ. கோவில்பட்டியில இருந்து எட்டயபுரம் வழியா விளாத்திகுளம் போற வண்டி என் வண்டி. அந்தப் பக்கம் போயிருக்கியா? போயிருக்க மாட்ட. அங்க என்ன இருக்கு, கரிசக்காடும் வெயிலும். எங்களுக்குக் குடிக்கத் தண்ணியே லாரியில வரும். இங்க பாரு, ஒரு ஆறு முழுக்கத் தண்ணி, அதுல படகு விட்டு வெளாடுதாக. படகும் ஒரு வண்டியா தாயி? பிரேக் இல்லாத வண்டி.

கோச்சு ஓட்டுதானே வெள்ளக்காரன், அவன் ஓட்டுறதப் பாத்தியா? கிளச்சு கிடையாது, கியரு கிடையாது, ஒத்த விரல்ல ஸ்டியரிங்கத் திருப்புதான். ஹாரன் அடிக்கவே மாட்டான். ஹாரன் அடிக்காதவன் ஒரு டிரைவரா? நான் மேல்தட்டுல முன்னாடி சீட்டுல உக்காந்து அவனுக்கும் சேத்து எங்காலால பிரேக் மிதிச்சுக்கிட்டே வாரேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனா முழங்கால் விண்ணு விண்ணுன்னு தெறிக்கும்.

எம்மவன்தான் டிக்கெட் எடுத்துத் தாரான். ஒரே பிள்ள. செண்பகராமன்னு பேரு. இங்கதான் பெரிய கம்பெனியில கம்ப்யூட்டர் வேல. படிக்க வந்தான், படிப்ப முடிச்சான், அப்படியே வேலையில ஒட்டிக்கிட்டான். "ப்பா, நீங்க ரூம்லயே அடஞ்சு கிடக்க வேண்டாம், ஊரச் சுத்திப் பாருங்க"ன்னு தினமும் விடிய முன்னாலயே எந்திரிச்சு எனக்கு தயிர்ச்சோறு கட்டி, டிக்கெட்ட என் போன்ல ஏத்தி, ஸ்டேஷன் வரைக்கும் கூட வந்து கோச்சுல ஏத்தி விட்டுட்டுத்தான் ஆபீஸ் போவான். கோட்டு, டை, பாலீஷ் போட்ட சூ. மாப்பிள்ள மாதிரி இருப்பான். எந்தப் பிள்ள இந்தக் காலத்துல அப்பனுக்கு இப்படிச் செய்யும், சொல்லு?

"ஏலே, ஒரு நாளைக்கு ஒன் ஆபீஸக் காட்டுலே, வெளிய நின்னு பாத்துட்டு வந்துருதேன்"ன்னு கேட்டேன். உள்ள விடமாட்டாகப்பா, வாசல்ல நிக்கவும் விடமாட்டாகப்பான்னான். சரி, வெள்ளக்காரன் சட்டம். கலெக்டர் ஆபீஸ் வாசல்லயே எவன் வேணும்னாலும் நிக்கலாம், இங்க வாசல்லயும் நிக்கக் கூடாதாம். இருக்கட்டும்.

வீடுன்னு தனியா இல்ல தாயி. ஒரு வீட்டுல ரூமுக்கு ரூமு ஆளு. இவனுக்கு மாடியில ஒரு ரூமு. நான் கட்டில்ல, அவன் கீழ விரிச்சுப் படுப்பான். பெரிய வேலையில இருக்கவன் ஏம்லே இப்படின்னு கேட்டதுக்கு, லண்டன்ல எல்லாரும் இப்படித்தாம்ப்பான்னான். இருக்கும். நீ எங்க தங்கியிருக்க? ஓட்டலா? அப்ப ஒனக்குத் தெரியாது.

ஆனா ஒண்ணு சொல்லுதேன். ராத்திரி அவன் சாப்பிடுற சாப்பாடு இருக்கே, நாள் முழுக்கக் காட்டுல பருத்தி எடுத்தவன் சாப்பிடுற மாதிரி சாப்பிடுதான். கம்ப்யூட்டரத் தட்டுறதுக்கு இம்புட்டுப் பசியா எடுக்கும்லேன்னு கேட்டேன். மூளைக்கு வேலப்பான்னான். கையி ரெண்டும் வெடிச்சு வெடிச்சுக் கிடக்கு, விரல் மடக்குல ரத்தம் கசியுது. ஆபீஸ்ல ஏசி ஜாஸ்தியாம். நான் தேங்கா எண்ணெயக் காச்சித் தேச்சு விட்டேன். கைய இழுக்கப் பாத்தான். சும்மா காட்டுலேன்னு ஒரு அதட்டுப் போட்டேன், காட்டிட்டான். எம்பேச்ச ஒரு நாளும் எதுத்ததில்ல அவன். அது நான் வளத்த வளப்பு.

லேசுப்பட்ட வளப்பில்ல. பன்னெண்டாப்புல மார்க்கு கொஞ்சம் குறைஞ்சு போச்சு, அன்னைக்கு முழுக்க வெயில்ல வாசல்ல நிக்க வச்சேன். தெருவே பாத்துச்சு. எம்பொண்டாட்டி மாரிக்கனி, இப்ப இல்ல, போய்ச் சேந்துட்டா, அவ கைய எடுத்துக் கும்பிட்டா. நான் அசையல. இவன் பிளைட் ஏற வந்த அன்னைக்கு திருவனந்தபுரம் ஏர்போர்ட்டு வாசல்ல வச்சுச் சொன்னேன்: "ஏலே, செயிச்சு வா. தோத்துட்டு வந்தா எம் வாசப்படிய மிதிச்சிராத." அந்த ஒரு வார்த்ததான் தாயி அவன லண்டன் வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்து ஆளாக்கி வச்சிருக்கு. இல்லேன்னா ஊர்ல எவன் கூடயாவது சேந்து டீக்கடையில உக்காந்திருப்பான்.

தையில கல்யாணம். ஆமா, அவனுக்குத்தான். பொண்ணு எங்க டிப்போவுல டைம் கீப்பரா இருந்த வேலாண்டி மக. பரிசம் போட்டாச்சு. மாப்பிள்ள வரல, போன்ல மூஞ்சியக் காட்டுனான், அதையே சேர்ல வச்சு மாலையப் போட்டுட்டோம். சிரிக்காத, நெசமாத்தான். லண்டன் மாப்பிள்ளைன்னு பொண்ணு வீட்டுல தெருவையே அடச்சுப் பந்தல் போடப் போறாக. அவன்கிட்ட எல்லாத்தையும் கேட்டுத்தான் செஞ்சேன். பொண்ணு பிடிச்சிருக்கா? சரிப்பா. தேதி சரியா? சரிப்பா. கல்யாணம் முடிஞ்சு பொண்ண இங்க கூட்டிட்டு வந்துருவல்ல? சரிப்பா. எல்லாத்துக்கும் சரிப்பாதான். நான் இப்ப வந்ததே அவன கையோட ஜவுளி எடுக்க கூட்டிட்டுப் போகத்தான். லீவு தரமாட்டாகளாம். சனிக்கிழமை எனக்குப் பிளைட்டு. நான் மட்டும் போறேன்.

அது சரி, நான் ஒனக்குச் சொல்ல வந்தது வேற. வந்ததுல இருந்து யாருகிட்டயும் சொல்லல. சொன்னா சிரிக்க மாட்டியே?

போன வாரம். இந்தக் கோச்சு மேல்தட்டுல உக்காந்து வாரேன். ஒரு சிக்னல்ல வண்டி நிக்குது. இங்க சைக்கிள்லயும் ஸ்கூட்டர்லயும் முதுகுல பெரிய பொட்டியக் கட்டிக்கிட்டு வீட்டு வீட்டுக்குச் சோறு கொண்டு போற பயலுக இருக்கானுக பாரு, பாத்திருப்ப. அதுல ஒருத்தன் சைக்கிள்ல எங்க பஸ்ஸ ஒட்டி வந்து நின்னான். தலையில ஹெல்மெட்டு, மூஞ்சியில துணி. பச்ச விழுந்துச்சு. விழுந்ததும் அவன் கைய எடுத்து பஸ்ஸு மேல தட்டுனான் தாயி. டப்பு டப்புன்னு ரெண்டு தட்டு.

ஒனக்குப் புரியுதா? இந்த ஊர்ல எவனும் பஸ்ஸத் தொடமாட்டான். கைய வச்சா டிரைவர் இறங்கி வந்து சண்ட போடுவான். நம்ம ஊர்லதான் ஆளு இறங்கி முடிச்சதும், கண்டக்டர் பின்னாடி தொங்கிக்கிட்டே தகரத்துல ரெண்டு தட்டு தட்டுவான், போலாம் ரைட்டுன்னு. அந்தத் தட்டு. எத்தன வருசமா அந்தத் தட்டுக்கு வண்டி எடுத்தவன் நான். அவன் கீழ தட்டுனதும் எனக்கு இங்க மேல இடது கை தானா கியருக்குப் போச்சு. கியரு எங்க இருக்கு? பக்கத்துல ஒரு சைனாக்காரி, அவ தொடையில பட்டிருச்சு. அவ என்னைய மொறைக்கா, நான் சாரி சாரிங்கேன்.

இரு, இன்னும் முடியல. ரெண்டு தட்டு தட்டுனான்ல? கொஞ்சம் விட்டு மூணாவதா ஒண்ணு தட்டுனான். மெதுவா. உள்ளங்கையால தடவுற மாதிரி.

அந்த மூணாவது தட்டு எந்தக் கண்டக்டரும் தட்டமாட்டான்.

எங்க வீடு ரோட்டு மேலயே. ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல. எம்மவன் சின்னப் பிள்ளையில நான் வண்டி கொண்டு வர்ற நேரத்துக்கு ஸ்டாப்புல வந்து நிப்பான். ஆளுக ஏறி முடிச்சதும் கண்டக்டர் விசில் ஊதமாட்டாரு, "மொதலாளி, நீங்க ரைட் குடுங்க"ம்பாரு இவன்கிட்ட. இவன் எக்கி நின்னு ரெண்டு தட்டு தட்டுவான். அது பஸ்ஸுக்கு. அப்புறம் ஒரே ஒரு தட்டு, மெல்ல. அது அப்பாவுக்காம். அவன் வச்ச கணக்கு அது. நான் திரும்பிப் பாக்கமாட்டேன். டியூட்டியில பிள்ளையக் கொஞ்சக்கூடாதுல்ல? ஆனா கண்ணாடியில பாப்பேன். கண்ணாடியில பாக்குறது அவனுக்குத் தெரியாது.

ஏன் இப்படிப் பாக்குத? இல்ல தாயி, இல்ல. அது எம்மவன்னு நான் சொன்னேனா? நான் சொல்லவே இல்லையே! எம்மவன் ஆபீஸ்ல இருந்தான் அந்நேரம். கோட்டு போட்டுட்டுப் போனதக் கண்ணால பாத்தேன். இது யாரு பெத்த பிள்ளையோ, நம்ம பக்கத்துப் பயலாத்தான் இருக்கணும். உலகத்துல ஒரு பஸ்ஸு டிரைவர் மகன்தானா இருக்கான்? எத்தன டிப்போ, எத்தன டிரைவரு. அதுல எவனோ ஒருத்தன் மகன்.

பயலுக்கு நான் மேல இருக்கேன்னு எப்படித் தெரியும், சொல்லு? எந்தக் கோச்சு, எத்தன மணிக்கு, எந்த சீட்டுன்னு எம்மவனுக்கு மட்டுந்தான் தெரியும்.

குனிஞ்சு பாத்தேன். அவன் நிமுந்து பாக்கல. பஸ்ஸு நகந்துருச்சு, அவன் சந்துல திரும்பிட்டான். ஒரு கால் லேசா வெளிய தள்ளி மிதிச்சான். சின்னதுல சைக்கிள் பழகும்போது எம்மவனும் அப்படித்தான் மிதிப்பான், நான் அந்தக் காலுலயே ஒண்ணு வைப்பேன். நேரா மிதிலேன்னு. பலபேரு அப்படி மிதிக்கத்தான் செய்வாக.

அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது செண்பகராமன் எப்பவும் போலக் கேட்டான், "இன்னைக்கு என்னப்பா பாத்தீங்க?" தினமும் கேப்பான். நானும் அரண்மன, பாலம்னு சொல்லுவேன், அவனும் ஆபீஸுல மேனேஜர் என்ன சொன்னான்னு சொல்லுவான், அப்படியே சோறு இறங்கிரும். அன்னைக்கு நான் சொன்னேன், "ஏலே, இன்னைக்கு ஒருத்தன் நம்ம பஸ்ஸத் தட்டுனாம்லே. சோத்துப்பொட்டி சுமக்குற பய. நம்ம ஊர்ப்பயதான்."

அவன் கையி சோத்துலயே நின்னுருச்சு. என்னையப் பாத்தான். அந்தப் பார்வ இருக்கே தாயி, மார்க்கு குறைஞ்ச அன்னைக்கு வெயில்ல நின்னுக்கிட்டு பாத்தானே, அதே பார்வ. "அப்படியாப்பா?"ன்னான். "அப்புறம்?"ன்னான்.

அப்புறம் என்ன? எனக்கு என்னமோ கோவம் வந்துருச்சு. எதுக்கு வந்துச்சுன்னு தெரியல. வாயி சும்மா இருக்க மாட்டேங்குது. "அப்பன் வயித்தக் கட்டி வாயக் கட்டி அனுப்பி வச்சா, இங்க வந்து எவனுக்கோ சோறு சுமக்குதானே, வெக்கங்கெட்ட பய! இவனெல்லாம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊருக்கு வருவான்?"ன்னு கேட்டேன். நல்லா நறுக்குன்னு கேட்டேன்.

அவன் மோர்ச் செம்ப எடுத்துக்கிட்டே சொன்னான், "வரமாட்டாம்ப்பா. அவன் வரமாட்டான், நீங்க சாப்பிடுங்க. மோர் ஊத்தட்டுமா?"

பாத்தியா? எம்மவனுக்கும் அந்த மாதிரிப் பயலுகளக் கண்டா ஆகாது. என் ரத்தம்லா.

மோர் ஊத்துனான். குடிச்சேன். லைட்ட அமத்திட்டுப் படுத்தோம். கீழ படுத்திருக்கவன் தூங்கலன்னு எனக்குத் தெரியும். நான் தூங்கலன்னு அவனுக்கும் தெரியும். ரெண்டு பேரும் மூச்ச மட்டும் நீளமா விட்டுக்கிட்டுக் கிடந்தோம்.

அதுல இருந்து தினமும் அந்த சிக்னல் வரும்போது நான் ஓரத்துக்கு நகந்து உக்காருதேன். பொட்டி கட்டிக்கிட்டு எத்தன பேரு வாராங்கேன். கறுப்பன், வெள்ளையன், நம்ம வடநாட்டுப் பயலுக. ஒருத்தன் விடாம எல்லாவன் காலையும் பாக்குதேன். பச்ச விழுந்தா காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். தட்டு விழ மாட்டேங்குது தாயி. ஒரே ஒரு நாள், அன்னைக்கு மட்டும்தான். அதுக்கப்புறம் பஸ்ஸு சும்மா சும்மா கிளம்பிப் போயிருது. அந்த வெள்ளக்காரன் பாட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயிருதான். ஏலே, ரைட்டு குடுக்காம வண்டிய எடுக்காதலேன்னு கத்தணும்போல இருக்கு.

எங்கயாவது வண்டியில அடிபட்டிருப்பானோ அந்தப் பய? மழையில ரோடு வழுக்குது. குளிரு வேற. அவனுக்குன்னு ஒருத்தர் இருந்து, போதும்லே, வாலே போவோம்னு சொன்னா வந்துருவானோ என்னமோ. எனக்குப் பயமா இருக்கு தாயி. நேத்து படகுல இந்தத் தூக்குற பாலத்துக்குக் கீழ வரும்போது மேல ஒருத்தன் சைக்கிளச் சாத்தி வச்சுட்டு, பொட்டியக் கழட்டாம, தண்ணியையே பாத்துக்கிட்டு நின்னான். யாருன்னு தெரியல, தூரம். நான் எந்திரிச்சு நின்னு கைய ஆட்டுனேன். இந்தப் படகுக்காரன் உக்காரு உக்காருன்னு கத்துனான். மேல இருந்தவன் ஆட்டல. ராத்திரி எம்மவன் வீட்டுக்கு வந்து சூவக் கழட்டுற சத்தம் கேக்கற வரைக்கும் எனக்குப் பச்சத்தண்ணி இறங்கல. ஏன்னு கேக்காத.

என்ன? கேக்கவா? அவன்கிட்டயே கேளுங்கிறியே, எப்படிக் கேக்க? "நீதானாலே அது?"ன்னு கேக்கச் சொல்லுதியா?

கேட்டா, இல்லப்பான்னு சொல்லுவான். எம்பேச்ச எதுத்ததில்லன்னு சொன்னேன்ல, எனக்கு என்ன வேணுமோ அதத்தான் சொல்லுவான். சரி, ஒருவேள, ஆமாப்பான்னு சொல்லிட்டாம்னு வச்சுக்கோ. அப்ப நான் என்ன சொல்ல? சொல்லிக்குடு பாப்போம். டிப்போவுல சொல்லத் தெரியும், ரோட்டுல மறிச்சவன்கிட்ட சொல்லத் தெரியும். பெத்த பிள்ள எதுக்க நின்னு ஆமாப்பான்னு சொன்னா, அதுக்கு அடுத்த வார்த்த எனக்கு வராது தாயி. அவுக அம்மா இருந்தா சொல்லுவா. நான் வாயத் தொறந்தா அதட்டுதான் வரும். வேலாண்டி வீட்டுல பந்தல்காலு நட்டுருவாக. ஊரே பாத்துக்கிட்டு இருக்கு. சனிக்கிழமை ஏர்போர்ட்டுக்கு கோட்டு போட்டுக்கிட்டு வந்து என்னைய ஏத்திவிடுவான். நல்லாருலேன்னு சொல்லிட்டு நானும் திரும்பிப் பாக்காம போவேன். அங்க கண்ணாடியும் இருக்காது.

வேகம் குறையுது, கரைக்கு ஒதுக்கப் போறான். கம்பியப் பிடிச்சுக்கோ, இடிச்சுத்தான் நிறுத்துவான், நான்தான் சொன்னேன்லா பிரேக் இல்லன்னு.

நீ இறங்கு தாயி. நான் இதுலயே திரும்பிப் போயிருதேன், திரும்பயும் பாலத்துக்கு அடியிலதான் போகும். நாளைக்கும் டிக்கெட் எடுத்து வச்சிட்டான். ஆங், ஒரு நிமிசம். ஒரே ஒரு உதவி. நீ போன்ல நெறயப் படம் எடுத்தியே வரும்போது. அதுல என்ன இருந்துச்சுன்னு எனக்கு ஒரு ரெண்டு வார்த்த சொல்லிட்டுப் போ. நான் இன்னைக்கு ஊரையே பாக்கல, ரோட்டுல போற சைக்கிளத்தான் பாத்தேன். ராத்திரி சோத்துல உக்காந்ததும் அவன் கேப்பான்.